முட்டுக்கட்டையில் இருந்து டிரம் பிரேக் வரை - எங்க வீட்டு ஜீப்பும் கொஞ்சம் வரலாறும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் தேவையில்லாத ஆணி. போன மாசம் ஒரு வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். அங்கே புடுங்கினது நிஜமான ஆணி, நிஜமான துரு. அந்தக் கதையும், அதைச் சாக்கா வெச்சு ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்ச வரலாறும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எதாவது போட்டு வெச்சுக்கிட்டு உக்காருங்க.

எங்க ஊரு கள்ளக்குறிச்சி பக்கம், கச்சிராயபாளையத்துக்குக் கிட்டே. வீட்டு வாசல்ல நின்னு மேற்கே பாத்தா கல்வராயன் மலை தெரியும். மழை நாள்ல தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா கிட்டே ஒரு பழைய ஜீப் உண்டு. ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸ்ல ஓடி ஓஞ்சு ஏலத்துக்கு வந்த வண்டி. அப்பா அதை எடுத்து, பெட்ரோல் எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் மாட்டி, மலைக்கு ஓட்டினார். மேலே போகும்போது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய். கீழே வரும்போது புளி, கடுக்காய், தேன், மரவள்ளிக்கிழங்கு, அதுக்கு மேல ஆளுங்க. நான் எஞ்சினியரிங் படிச்ச பீஸ்ல பாதி அந்த ஜீப் சம்பாதிச்சது.

2020 மார்ச்ல லாக்டவுன் போட்டாங்க இல்லையா, அன்னிக்குப் புளியமரத்தடியில நிறுத்தினதுதான். அப்புறம் அப்பாவுக்கு சுகர், கண்ணுல ஆபரேசன், முட்டி வலி. வண்டி அப்படியே நின்னுடுச்சு. இந்த வருசம் பழைய இரும்புக்காரர் ஒருத்தர் வந்து விலை பேசிட்டுப் போனார். எல்லாம் முடிஞ்சு டிராக்டர் கட்டி இழுத்தா, வண்டி நகருது, ஆனா பின்பக்க இடது சக்கரம் சுத்தலை. மண்ணுல கோடு போட்டுக்கிட்டு இழுபடுது. இரும்புக்காரர் சாதாரணமாச் சொன்னார்: "பரவால்லீங்க, கேஸ் கொண்டாந்து இங்கேயே வெட்டி எடுத்துக்கறோம்."

அப்பா ஒண்ணும் சொல்லலை. எழுந்து உள்ளே போயிட்டார். அவர் அப்படிப் போனா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். நான் இரும்புக்காரர்கிட்டே ஒரு வாரம் டைம் கேட்டேன்.

மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிச்சிட்டு கம்ப்யூட்டர்ல பொட்டி தட்டுறவன் நான். டிரம் பிரேக்குக்குப் பரீட்சையில படம் போட்டு 16 மார்க் வாங்கியிருக்கேன். ஆனா ஒரு டிரம்மைக் கூடக் கையால கழட்டினது கிடையாது. அதனால பாயைக் கூப்பிட்டேன். பாய்னா அந்த ஜீப்புக்கு ஆரம்பத்துல இருந்து வேலை பாத்தவர். பட்டறையை மூடி நாலு வருசம் ஆச்சு. "தம்பி, நான் குனிய மாட்டேன், இருமல் வந்துடும். நாற்காலி போடு, உக்காந்து சொல்றேன். நீ செய்யி" என்றார். அப்படித்தான் ஆரம்பிச்சது.

முட்டுக்கட்டை

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போவோம் (கொசுவத்தி ஸ்டார்ட் :-)).

ஜாக்கி போடுறதுக்கு முன்னாடி பாய் சொன்ன முதல் வார்த்தை, "மத்த மூணு சக்கரத்துக்கும் முட்டு குடு." எவ்வளவு பழைய வார்த்தை பாருங்க. நாம அரசியல் கட்டுரையில "முட்டுக்கட்டை போடுறாங்க"ன்னு எழுதுறோமே, அது நிஜமாவே ஒரு கட்டை. தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னாடி ஆப்பு மாதிரி கட்டை போட்டு நிறுத்துறதும், ஒரு பக்கமா கொடுத்துத் திருப்புறதும் பரம்பரையா வர்ற வேலை. கொஞ்சம் பிசகினா ஆள் காலி. நம்ம ஊரு பிரேக் வரலாறு அங்கேதான் ஆரம்பிக்குது. பிற்பாடு திருச்சி பெல் நிறுவனம் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு கொடுத்துச்சு. திருவாரூர் ஆழித்தேருக்கும் அதுதான். இருந்தாலும் தேரைத் திருப்பணும்னா முட்டுக்கட்டை இன்னிக்கும் வேணும்.

மேல்நாட்டுலயும் கதை இதேதான். குதிரை வண்டிக்கு மரக்கட்டையை நெம்புகோல்ல கட்டி சக்கரத்து விளிம்புல அழுத்துவாங்க. பெரிய இறக்கம்னா சக்கரத்துக்கு அடியில இரும்புல செஞ்ச செருப்பு மாதிரி ஒண்ணைச் சங்கிலியில கட்டிப் போடுவாங்க. சக்கரம் அதுல ஏறி நின்னு, சுத்தாம சறுக்கிக்கிட்டே இறங்கும். இன்னிக்கும் நாம "பிரேக் ஷூ"ன்னு சொல்றது அந்த வழியில வந்த பேருதான்.

இங்கிலாந்துல டெர்பிஷயர்ல சேப்பல்-என்-லெ-பிரித்னு ஒரு மலையோர ஊரு. அங்கே ஹெர்பர்ட் புரூட்னு ஒருத்தர். இறக்கத்துல வண்டிக்காரங்க மரக்கட்டை பிரேக்குல பழைய பூட்ஸ் தோலை வெச்சு ஆணி அடிச்சிருக்கறதைப் பாத்தாராம். மரம் மட்டும்னா வழுக்குது, தேயுது. தோல் இருந்தா பிடிக்குது. அதைப் பாத்துட்டு பருத்திப் பட்டையில பிசின் மாதிரிப் பொருளை ஏத்தி பிரேக்குக்கு லைனிங் செஞ்சார். வருசம் 1897. தன் பேரோட எழுத்துகளை மாத்திப் போட்டு, கூடவே மனைவி எலிசபெத் பேர்ல இருந்து ஒரு எழுத்து சேர்த்து கம்பெனிக்கு "பெரோடோ"ன்னு பேர் வெச்சார். இன்னிக்கும் இருக்குற பிராண்ட்.

பருத்தி சூட்டுல கருகும். கார் வந்து வேகம் கூடினதும் தாங்கலை. 1908 வாக்குல புரூட் பருத்தியை விட்டுட்டு வேற ஒரு நாருக்கு மாறினார். தீயில போட்டாலும் வேகாத நார். ஆஸ்பெஸ்டாஸ், தமிழ்ல கல்நார். இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

டிரம் வந்த கதை

சக்கரத்து விளிம்புல கட்டையை அழுத்துறது ரப்பர் டயர் வந்ததும் முடிஞ்சு போச்சு. டயர் கிழிஞ்சுடும் இல்லையா. அதனால சக்கரத்தோட சேந்து சுத்துற ஒரு உருளையை வெச்சு, அதுல பிரேக் பிடிக்க ஆரம்பிச்சாங்க. 1901 மெர்சிடிஸ் 35 எச்பி கார்ல பின்சக்கரத்துக்கு டிரம் இருந்துச்சு. 1902-ல் பிரான்ஸ்ல லூயி ரெனோ, ஷூவை டிரம்முக்கு உள்ளே வெச்சு வெளிப்பக்கமா விரியுற மாதிரி செஞ்சார். இன்னிக்கு நம்ம ஸ்கூட்டர்ல இருக்குற டிரம் பிரேக் வரைக்கும் அதே ஐடியாதான்.

இதுல ஒரு அழகு இருக்கு. சக்கரம் சுத்துற திசையில இருக்குற ஷூவை (லீடிங் ஷூ) டிரம்மே தன் பக்கம் இழுத்துக்கும். நீங்க கொஞ்சம் அழுத்தினா அது தானா இன்னும் அழுத்திக்கும். காலுக்குப் பலம் மிச்சம். ரிவர்ஸ்ல போனா அந்த உதவி அந்த ஷூவுக்குக் கிடைக்காது, விலகப் பாக்கும். பிரேக் ஜாமான வண்டியை முன்னாடி மட்டும் இழுக்காம முன்னேயும் பின்னேயும் ஆட்டிப் பாக்கச் சொல்றது அதுக்குத்தான். நாங்க டிராக்டர் கட்டி முன்னாடியே இழுத்துக்கிட்டு இருந்தோம். பாய் கேட்டுட்டு தலையில அடிச்சுக்கிட்டார்.

அடுத்தது ஹைட்ராலிக். அடைச்ச திரவத்துல ஒரு இடத்துல கொடுக்கற அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும்னு பாஸ்கல் 17-ம் நூற்றாண்டுலயே சொல்லிட்டார். அதைக் கார் பிரேக்குக்குக் கொண்டு வந்தவர்கள்ல முக்கியமானவர் அமெரிக்காவுல மால்கம் லாக்ஹீட். (விமானக் கம்பெனி லாக்ஹீட் இருக்கே, அது இவரோட தம்பி ஆலன் பக்கத்துக் கதை.) 1921-ல் டியூசன்பர்க் மாடல் ஏ, நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோட வந்துச்சு. 1924-ல் கிரைஸ்லர் அதை ஓரளவு சாதாரண ஆளுங்க வாங்குற விலைக்குக் கொண்டு வந்தாங்க. ஹென்றி போர்டு மட்டும் கம்பியும் ராடும் போதும்னு பிடிவாதமா இருந்து, கடைசியா 1939 மாடல்லதான் மாறினார்.

இதுல நம்ம ஊருக்கு ஒரு சம்பந்தம் உண்டு. ஆரம்ப காலத்து பிரேக் ஆயில் பலதும் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தது! ரப்பர் வாஷரை அது கெடுக்காது, அதனால. நம்ம சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி பக்கம் வரப்புல எல்லாம் ஆமணக்கு நிக்கும். அதே விளக்கெண்ணெயில வைக்கோல் சாம்பலைக் குழைச்சு வண்டி மை செஞ்சு மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டவங்க நாம. ஒரே எண்ணெய், இங்கே சக்கரம் ஓடுறதுக்கு, அங்கே நிக்கிறதுக்கு.

ஜீப் மலை ஏறின கதை

இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துக்கு வில்லீஸ், போர்டு ரெண்டு கம்பெனியும் சேந்து சுமார் 6.4 லட்சம் ஜீப் செஞ்சாங்க. சின்ன வண்டி, நாலு சக்கரத்துக்கும் 9 இஞ்ச் டிரம் பிரேக், ஹைட்ராலிக். போர் முடிஞ்ச வருசம், 1945-ல், பம்பாயில "மகிந்திரா அண்ட் முகமது"ன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. பிரிவினை வந்தது. பார்ட்னர் மாலிக் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதி அமைச்சர் ஆயிட்டார். கம்பெனி 1948-ல் "மகிந்திரா அண்ட் மகிந்திரா" ஆச்சு. வில்லீஸ் ஜீப்பைப் பகுதி பகுதியா இறக்கி இங்கே பூட்டினவங்க அவங்கதான். பிறகு இங்கேயே செய்ய ஆரம்பிச்சு, அமெரிக்காவுல 1968-ல் நிறுத்தின சிஜே-3பி மாடல் இந்தியாவுல அதுக்கப்புறமும் பல வருசம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சதும் ஊருக்கு ஊர் பிளாக் ஆபீஸ், பி.டி.ஓ., அவருக்கு ஒரு ஜீப். நம்ம கிராமத்துக்கு "சர்க்கார்" வந்தது அனேகமா ஜீப்புல ஏறித்தான்.

ஆனா கல்வராயன் மலைக்கு மட்டும் சர்க்கார் ரொம்ப லேட்டா வந்துச்சு. கீழே 1948 சட்டத்துல ஜமீன் எல்லாம் ஒழிஞ்சு போச்சு. மேலே சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு ஜாகீர்கள் கிட்டேயே மலை இருந்துச்சு. மலையாளி பழங்குடி மக்கள் அவங்களுக்கு வரியும் கட்டி, கூலியில்லாம வேலையும் செய்யணும். அரசாங்கம் மலையை எடுத்துக்கிட்டது 1976-ல்தான். நாடு சுதந்திரம் வாங்கி 29 வருசம் கழிச்சு! ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதுக்கப்புறம் மெதுவா வந்ததுதான். 2024-ல் கூட சென்னை உயர்நீதிமன்றம் தானா முன்வந்து கல்வராயன் மலை மக்கள் நிலைமையை வழக்கா எடுத்து, ரோடு முதற்கொண்டு கேள்வி கேட்டுச்சு.

அந்த மாதிரி மலைக்கு ஜீப் ஓட்டுறதுல ஏறுறது விஷயமே இல்லை, இறங்குறதுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாத்தேன். ஆளும் மூட்டையுமா 1,500 கிலோ வண்டி, 600 மீட்டர் உயரத்துல இருந்து இறங்குதுன்னு வெச்சுக்குவோம். வெளியே போக வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 88 லட்சம் ஜூல். 30 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு! அது முழுக்க பிரேக்குல போனா டிரம் சூடேறி விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், லைனிங் வழுக்க ஆரம்பிக்கும், மிதி உள்ளே போய்க்கிட்டே இருக்கும். மிதிச்சும் நிக்காது. அப்பா அடிக்கடி சொல்லுவார், "எந்தக் கியர்ல ஏறினியோ அந்தக் கியர்ல இறங்கு." பாதிச் சூட்டை எஞ்சின் வாங்கிக்கும்னு அவருக்கு யாரும் படம் போட்டுச் சொல்லித் தரலை. இன்னொண்ணு, ஓடையில இறங்கி ஏறினா கொஞ்ச தூரம் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே ஓட்டுவார். உள்ளே போன தண்ணி காயணும்.

உலகம் இதுக்கு வேற வழி கண்டுபிடிச்சிடுச்சு. 1902-லயே இங்கிலாந்துல லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1953-ல் ஜாகுவார் டிஸ்க் பிரேக் போட்ட காரோட லெ மான் 24 மணி நேர ரேஸ்ல ஜெயிச்சுது. டிஸ்க் திறந்து கிடக்குது, சூடும் தண்ணியும் உடனே போயிடும். நம்ம பக்கம் ரொம்ப காலம் டிரம்தான். சென்னை பாடியில 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ்னு வந்து, நாட்டுல ஓடுற வண்டிகளுக்கு பிரேக் செய்யிற ஊரா மெட்ராஸ் ஆனதும் இந்தக் காலத்துலதான்.

இனி வேலை

சரி, எங்க சக்கரம் ஏன் பிடிச்சுக்கிச்சு? பாய் நாற்காலியில உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டார்.

"ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினியா?" அப்பா போட்டுத்தான் நிறுத்தியிருக்கார். ஆனா இந்த ஜீப்புல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல கிடையாது, கியர் பெட்டிக்குப் பின்னாடி புரொப்பல்லர் ஷாப்ட்ல தனியா ஒரு டிரம். அது பிடிச்சிருந்தா ரெண்டு பின்சக்கரத்துக்கும் சேத்துத் தெரியணும். ஒரே சக்கரம் மட்டும் இழுபடுதுன்னா குத்தம் அந்தச் சக்கரத்துக்குள்ளேதான். டீபக்கிங் பண்ற மாதிரியே இருந்துச்சு.

"நிப்பிளைத் திற, ஆயில் பீச்சுதா பாரு." பீச்சினா, ஆயில் உள்ளேயே அழுத்தத்தோட மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளே ஊதி அடைச்சிருக்கும், இல்லேன்னா மாஸ்டர் சிலிண்டர் திரும்ப விடலை. நிப்பிள் ரொம்பச் சின்னது, துருப்பிடிச்சிருந்தா உடைஞ்சுடும். முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு ஊற விட்டேன். மறுநாள் காலையில திறந்தது. ஒரு சொட்டு வந்துச்சு, காப்பி டிகாக்சன் கலர்ல. அழுத்தம் இல்லை. அப்போ காரணம் ரெண்டுல ஒண்ணு. வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவுல பிடிச்சிருக்கு, இல்லேன்னா லைனிங்கே டிரம்முல ஒட்டிக்கிச்சு.

பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுற ஜாதி. புது டாட்-3 ஆயில் 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் ஏறிட்டா விதிப்படி 140 டிகிரி தாங்கினாப் போதும். மலை இறக்கத்துல அது ஒரு ஆபத்து. சும்மா நிக்கிற வண்டியில அதே ஈரம் கீழே தங்கி, சிலிண்டரை உள்ளே இருந்து அரிக்கும். டிரம் வார்ப்பிரும்பு. துருப்பிடிச்சா ஊதும், ஊதினா லைனிங்கைக் கவ்விக்கும்.

அடுத்து பின்பக்கத் தட்டுல இருக்குற அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவை உள்ளே தள்ளுறது. ரொம்ப முக்கியம் இது. டிரம் தேஞ்சு தேஞ்சு ஓரத்துல வரப்பு மாதிரி ஒரு விளிம்பு நின்னுடும். ஷூவை உள்வாங்காம இழுத்தா அந்த வரப்புல மாட்டிக்கும். ஒரு அட்ஜஸ்டர் திரும்பிச்சு. இன்னொண்ணு அசையலை.

எங்க ஜீப்புல டிரம்மும் ஹப்பும் ஒண்ணாச் சேந்தது. ஹப் உக்காந்திருக்கறது கூம்பு மாதிரி சரிஞ்ச ஷாப்ட் மேல. சுத்தியால அடிச்சா வராது, புல்லர் வேணும். பாய் தன் பட்டறைப் புல்லரைச் சாக்குல சுத்திக் கொண்டு வந்திருந்தார். போல்ட்டை இறுக்கிட்டு, புல்லர் தலையில ஒரு அடி. திரும்ப இறுக்கு, ஒரு அடி. "ஷாப்ட் நட்டை முழுசாக் கழட்டாதே. ரெண்டு சுத்து விட்டு வை. திடீர்னு விட்டா டிரம் உன் நெஞ்சு மேல வரும்." (அனுபவப்பட்டவங்க சொல்றது!)

மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் நடக்கலை. டிரம்மைச் சுத்தி மரச் சுத்தியால தட்டினேன், ஒரே இடத்துல அடிச்சா வார்ப்பு விரிசல் விடும்னு சொன்னதால சுத்திச் சுத்தி. அப்பா திண்ணையில உக்காந்துக்கிட்டு ஐடியா குடுத்துக்கிட்டே இருந்தார்.

"பாய், சூடு காட்டலாமே?"

"அண்ணே, நீங்க ஓட்டுங்க, நான் கழட்டுறேன்னு நாப்பது வருசத்துக்கு முன்னாடியே பேசிக்கிட்டோம்."

மூணு மணி வாக்குல துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். நாய் ஓடியே போச்சு. ஹப் விட்டுடுச்சு. அதுக்கப்புறம் டிரம்மை ரெண்டு கையால முன்னே பின்னே ஆட்டினேன். கர்ர்னு ஒரு சத்தத்தோட லைனிங் துருவை விட்டுது. மெதுவா வெளியே வந்துச்சு டிரம். உள்ளே ஒரு பிடி கருப்புத் தூசி.

அந்தத் தூசி

நான் என்ன செஞ்சேன்னா, முகக்கவசம் போட்டுக்கிட்டு, சோப்புத் தண்ணியைத் தெளிச்சு, தூசி பறக்காம ஈரத்துணியால துடைச்சு, துணியைப் பையில போட்டுக் கட்டினேன். பாய்க்கு ஒரே சிரிப்பு.

"என்ன தம்பி, தூசிக்கு சீமந்தமா பண்றே? டிரம்மைக் கழட்டினா முதல்ல இப்படி" - வாயைக் குவிச்சு ஊதிக் காட்டினார். ஊதினதுல இருமல் வந்துச்சு. வந்தது நிக்கலை. அப்பா தண்ணி எடுத்துட்டு வந்தார். நிக்க அஞ்சு நிமிசம் ஆச்சு.

நான் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். சொல்லிட்டேன்.

பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட ஆய்வு முகமை சொல்லியிருக்கு. மூச்சுல போன நார் நுரையீரல்ல தங்கும், வியாதி தெரிய இருபது, முப்பது வருசம் கூட ஆகும். நேர்மையா இன்னொரு பக்கமும் சொல்லணும். பிரேக் சூட்டுல அந்த நார்ல பெரும்பகுதி வேற தாதுவா மாறிடுது, அதனால மெக்கானிக்குகளுக்கு ஆபத்து எவ்வளவுன்னு ஆராய்ச்சியாளர்கள் நடுவுல விவாதம் இருக்கு. ஆனா பாய் ஊதினது மட்டும் இல்லை. புது லைனிங்கைத் துளை போட்டு, ரிவிட் அடிச்சு, டிரம் அளவுக்கு உரசி உரசித் தேய்ச்சவர். அந்தத் தூசி சூட்டையே பாக்காத பச்சை நார்.

பாய் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "இது எப்போ கண்டுபிடிச்சாங்க?"

இங்கிலாந்துல 1924-ல் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில வேலை பாத்த ஒரு பொண்ணு இறந்ததைப் பத்தி டாக்டர் ஒருத்தர் மருத்துவப் பத்திரிகையில எழுதினார். 1930-ல் அரசாங்கமே ஆய்வு அறிக்கை வெளியிட்டுச்சு. 1931-ல் ஆலைகள்ல தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டாங்க. இதைச் சொன்னேன்.

"நான் தொழிலுக்கு வந்தது எண்பதுல" என்றார். விரல் விட்டு எண்ணினார். "அம்பது வருசம். சேதி நடந்தா வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியலை. இப்பவும் தெரியலை.

மீதியையும் எழுதிடுறேன். 1995-ல் நம்ம உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் வழக்குல, தொழிலாளியோட ஆரோக்கியம் அடிப்படை உரிமைன்னு சொல்லி, மருத்துவப் பதிவுகளை 40 வருசம் வரைக்கும் வெச்சிருக்கணும், பாதிச்சவங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் குடுக்கணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. பிரிட்டன் 1999-ல் முழுசாத் தடை பண்ணிடுச்சு. அமெரிக்கா, மிச்சம் இருந்த வெள்ளைக் கல்நாருக்கும் 2024-ல் தடை போட்டுச்சு. இந்தியாவுல சுரங்கத்துக்கு 1986-ல் இருந்தே புது அனுமதி இல்லை. ஆனா இறக்குமதி நிக்கலை. பிரேக்கைப் பொறுத்தவரை ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் இப்போ தாராளமாக் கிடைக்குது, பெட்டி மேலேயே போட்டிருக்கும். தீர்ப்பு எல்லாம் ஆலைக்கு. ரோட்டோரத்துல ஒரு கொட்டகை, ரெண்டு எடுபிடிப் பசங்கன்னு இருக்குற பட்டறைக்கு மருத்துவப் பதிவு எங்கே இருக்கும்?

பாய் ஏற்கனவே டாக்டர்கிட்டே போயிருக்கார். அவர் பீடி குடிப்பீங்களான்னு கேட்டிருக்கார். பாய் வாழ்க்கையில பீடியைத் தொட்டதில்லை. "என்ன தொழில் பாத்தீங்க"ன்னு யாரும் கேக்கலை, இவரும் சொல்லலை. அதனால நான் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன்: இத்தனை வருசம் பிரேக் லைனிங் வேலை, ஆஸ்பெஸ்டாஸ் தூசி பட்டவர். மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அடுத்த வாரம் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அவர் மகன் சொல்லியிருக்கார். காரணம் அந்தத் தூசிதான்னு நான் சொல்லலை. டாக்டருக்கு அந்த விஷயம் தெரியணும், அவ்வளவுதான்.

அப்புறம்

வீல் சிலிண்டர் ரெண்டு பிஸ்டன்ல ஒண்ணு முழுசா அரிச்சுப் போயிருந்துச்சு. புது சிலிண்டர், புது ஷூ, புது ஹோஸ், எல்லாம் கள்ளக்குறிச்சியிலயே கிடைச்சது. நாலு சக்கரத்துக்கும் ஆயில் மாத்தி ஏர் எடுத்தோம். அப்பா உள்ளே உக்காந்து மிதிக்க, நான் கீழே நிப்பிளைத் திறந்து மூட, பாய் நாற்காலியில இருந்து "மிதி... பிடி... விடு"ன்னு தாளம் போட்டார். கடைசியில பாய் எழுந்து வந்து சக்கரத்தை ஒரு கையால சுத்தி விட்டு, காதைக் கிட்டே வெச்சுக் கேட்டார். "லேசா உரசுது. அது இருக்கணும்" என்றார்.

இரும்புக்காரருக்கு போன் பண்ணி வேணாம்னு சொன்னது அப்பாதான். மலைக்கு ஓட்ட எல்லாம் இல்லை. தள்ளினா நகருற வண்டியா நின்னாப் போதுமாம். எனக்கும் அது போதும்.

உங்க கிட்டே ஒரே ஒரு வேண்டுகோள் நண்பர்களே. உங்க ஊர்லயும் ஒரு பாய், ஒரு அண்ணாச்சி, ஒரு மேஸ்திரி இருப்பார், உங்க வீட்டு வண்டியை முப்பது வருசமாப் பாத்தவர். அவருக்கு இருமல் இருந்தா, டாக்டர்கிட்டே போகும்போது தொழிலைச் சொல்லச் சொல்லுங்க. பட்டறையில பையன் எவனாவது டிரம்மை ஊதினா, ஒரு மக்கு தண்ணியைக் காட்டுங்க. சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

டிஸ்கி: நீண்ட நாள் நிறுத்துற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டு முட்டு குடுங்க. ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாத்துங்க. இதெல்லாம் பாய் சொன்னது. எனக்கு 16 மார்க் மட்டும்தான் சொந்தம் :-)